மின்னோட்டத்திற்கும் ஒரு பேரேடு

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்திற்குக் கணக்கு உண்டு. கொப்பரைக்கு நெய் 3,500 கிலோ, திரிக்குக் காடாத் துணி 1,000 மீட்டர் என்று பல ஆண்டுகளில் பத்திரிகைகள் அளவு தந்திருக்கின்றன. நெய்க் காணிக்கை செலுத்தியவர் ரசீது பெறுகிறார். தறியும் தொழுவமும் தந்த பொருள்களாதலால் அவற்றை நிறுக்கவும் அளக்கவும் நாம் அறிவோம்.

தீபங்கண்டு வீடு திரும்பிச் சுவிட்சைத் தட்டியதும் ஒளிர்கிறதே மின்விளக்கு, அதற்குக் கம்பி வழியே வந்தது எவ்வளவு, திரும்பிச் சென்றது எவ்வளவு என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எவ்வாறு கணக்கு வைப்பது என்று வாளா இருந்துவிடுகிறோம். வைக்க முடியும், சங்கத்துப் பேரேட்டினும் பிசகின்றி வைக்க முடியும். அக்கணக்கை அறியாமையால் மோட்டாரை இழந்தவர் உண்டு. உயிரை இழந்தவரும் உண்டு. ஆதலின் அங்கத்தினர்களுக்கு அதனை எளிய முறையில் எடுத்துரைக்க முற்படுகிறோம்.

நகைக்கடன் ஏட்டில் கண்ட புதிர்

தண்டராம்பட்டுச் சாலையை அடுத்த ஓர் ஊரில், கடன் சங்கத்தின் ஏடுகளை ஆய்வு செய்துகொண்டிருந்தோம். நகைக்கடன் ஏட்டில் ஓர் அங்கத்தினர் பெயரில் ஒரே நகைகள், இரண்டு வளையல்களும் ஒரு சங்கிலியும், பதினான்கு மாதங்களில் மூன்று முறை அடகு வைக்கப்பட்டிருந்தன. இத்தகைய பதிவைக் கண்டால் ஐயுறுவது எம் போன்றோர் கடமை. செயலாளரை அழைத்துக் காரணம் வினவினோம்.

"கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோகிறது, சார். ஒவ்வொரு தடவையும் அதற்காகத்தான் வாங்குகிறார்" என்றார் அவர்.

ஏட்டில் பிழை இல்லை. கடன் முறைப்படி வழங்கப்பட்டது. வட்டியும் முறைப்படி செலுத்தப்பட்டிருந்தது. ஆயினும் எம் மனம் அமைதியுறவில்லை. சங்கம் தந்த பணம் மூன்று முறை காயில் கட்டுவதில் கரைந்திருக்கிறது. மோட்டார் எரிந்த நாட்களில் நீரின்றி வாடிய நிலக்கடலைக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. அன்று மாலையே செயலாளரும் வயர்மேன் ஒருவரும் உடன்வரக் கிணற்றடிக்குச் சென்றோம்.

அங்கத்தினர் அறுபது வயதைக் கடந்த உழவர். "மோட்டாருக்கு ராசி இல்லீங்க, சார். வேற ஒண்ணு வாங்கிடலாம்னு பையன் சொல்றான்" என்றார். நகைக்குரிய அம்மையார் சற்று அப்பால் நின்றிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. வயர்மேன் பையிலிருந்து நண்டின் கொடுக்கைப் போல் வாய் திறக்கும் ஒரு கருவியை வெளியில் எடுத்தார். டாங் டெஸ்டர் என்று அதனை வழங்குவர். அவர் எதை அளந்தார், என்ன கண்டார் என்பதைக் கூறுமுன், அளக்கப்படும் பொருள் யாது என்பதைத் தெளிந்துகொள்வோம்.

ஓடுவது எது?

செம்பு, அலுமினியம் முதலிய உலோகங்களில் அணுவை விட்டு அணுவுக்கு எளிதில் நகரத்தக்க எலெக்ட்ரான்கள் எண்ணிறந்தன உள. இவை கம்பியின் வழியே ஒருமுகமாக நகர்வதையே மின்னோட்டம் என்கிறோம். கம்பியின் ஓரிடத்தை ஒரு வினாடியில் எவ்வளவு மின்னேற்றம் கடந்தது என்பதே மின்னோட்டத்தின் அளவு. அதற்குரிய அலகு ஆம்பியர். ஓர் ஆம்பியர் என்றால், வினாடி ஒன்றுக்குச் சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள் அவ்விடத்தைக் கடக்கின்றன என்பது பொருள். 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல், ஓர் எலெக்ட்ரானின் மின்னேற்றத்தை நிலையான எண்ணாக வைத்தே ஆம்பியருக்கு உலக நாடுகள் வரையறை செய்துள்ளன.

இத்தனை கோடி என்றதும் அவை மின்னல் வேகத்தில் பறக்கின்றன என்று கருதவேண்டா. வீட்டுக் கம்பிகளில் எலெக்ட்ரான்கள் ஊர்ந்து செல்லும் வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு. மேலும் நமக்கு வரும் மாறுமின்னோட்டத்தில் அவை ஒரே திசையில் செல்வதுமில்லை. வினாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக அசைகின்றன. அவ்வாறாயின் சுவிட்சைத் தட்டிய கணமே விளக்கு எரிவது எங்ஙனம்? தறியில் இறுகக் கட்டிய பாவின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை உடனே அசைகிறதன்றோ? கையிலிருந்த இழை அம்முனைக்கு ஓடிச் செல்லவில்லை. இழை முழுவதும் ஏற்கெனவே அங்கு இருக்கிறது. கம்பியிலும் எலெக்ட்ரான்கள் முன்பே நிறைந்துள்ளன. உந்துதல் மட்டுமே கணத்தில் பரவுகிறது.

ஏரியும் மதகும்

ஓட்டம் உண்டாக உந்துதல் வேண்டும். ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால்தான் மதகு திறந்ததும் வாய்க்காலில் நீர் பாயும். அம்மட்டத்தை ஒத்தது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். வாய்க்கால் குறுகலாயும் புதர் மண்டியும் இருந்தால் பாய்ச்சல் குறையும். அத்தடையை ஒத்தது மின்தடை. அதன் அலகு ஓம். பாயும் நீரின் அளவே மின்னோட்டம். ஜெர்மன் விஞ்ஞானி ஜார்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இம்மூன்றையும் இணைக்கிறது: அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும்.

வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட். பழைய 60 வாட் பல்பு எரியும்போது ஏறத்தாழ கால் ஆம்பியர் பாய்கிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு நாலே கால் ஆம்பியருக்குச் சற்று மேல் வேண்டும். வாட் என்ற எண்ணை வோல்ட் என்ற எண்ணால் வகுத்து இதனை எவரும் கணித்துக்கொள்ளலாம். மோட்டாருக்கு வேறு சில காரணங்களும் சேர்வதால், அதன் பெயர்த்தகட்டில் பொறித்துள்ள ஆம்பியரையே கொள்ளுதல் நன்று.

ஏரி உவமை ஓரிடத்தில் நில்லாது. கரை உடைந்தால் வாய்க்கால் நீர் வழியிலேயே போய்விடும், ஏரிக்குத் திரும்பவேண்டுவதில்லை. மின்னோட்டமோ புறப்பட்ட இடத்திற்கு மீண்டாக வேண்டும். மீளும் பாதை இல்லையேல் ஓட்டமே இல்லை. இதனாலேயே அதன் பாதையை மின்சுற்று என்கிறோம். 1845ஆம் ஆண்டில், இருபத்தோரு வயது மாணவராயிருந்த குஸ்டாவ் கிர்காப் ஒரு விதியைக் கண்டுரைத்தார். மின்சுற்றில் எந்தச் சந்திப்பை எடுத்துக்கொண்டாலும், அங்கு வந்து சேரும் மின்னோட்டமும் அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது அவ்விதி. கூட்டுறவுச் சங்கத்தாருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? வரவும் செலவும் ஒத்துவர வேண்டும் என்பதே இது. மனிதர் எழுதும் ஏட்டில் பிழை நேரலாம். இயற்கை எழுதும் இந்த ஏட்டில் பிழை நேர்வதில்லை. ஒத்துவரவில்லையெனின், நாம் அறியாத வேறொரு வழியில் மின்சாரம் செல்கிறது என்பதே பொருள். இக்கருத்தை நினைவில் இருத்துக. இதன் பயன் பின்னர் விளங்கும்.

ஊசி அசைந்த நாள்

காணவியலாத ஓட்டத்தை எதைக்கொண்டு அளப்பது? 1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு விஞ்ஞானி ஆர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகிலிருந்த காந்த ஊசி திரும்பக் கண்டார். மின்னோட்டத்தைச் சூழ்ந்து காந்த சக்தி எழுகிறது என்பது அன்று உலகிற்குத் தெரிந்தது. செய்தி பாரிசை எட்டிய சில வாரங்களிலேயே ஆம்பியர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதன் இலக்கணத்தை ஆராயத் தொடங்கினார். அவர் பெயரையே 1881ஆம் ஆண்டு பாரிசில் கூடிய அனைத்துலக மாநாடு அலகுக்குச் சூட்டியது. ஓட்டம் மிகுந்தால் காந்தம் மிகும். காந்தம் மிகுந்தால் ஊசி மிகத் திரும்பும். ஊசி திரும்பிய அளவைக்கொண்டு ஓட்டத்தை அறியலாம். முள் அசைந்து அளவு காட்டும் அம்மீட்டர்கள் பலவும் இந்த அடிப்படையில் எழுந்தவையே.

அம்மீட்டரை இணைப்பதற்கு ஒரு முறை உண்டு. வாய்க்காலில் பாயும் நீரை அளக்கவேண்டின், நீர் முழுவதும் அளவுப் பெட்டியின் ஊடே செல்லவேண்டும். அதுபோல் கம்பியைத் துண்டித்து, அவ்விடைவெளியில் அம்மீட்டரை வைத்து, ஓட்டம் முழுவதும் அதன் வழியே செல்லச் செய்தல் வேண்டும். ஓட்டத்திற்கு இடையூறு நேராதிருக்க அதன் தடை மிகச் சிறிதாக அமைக்கப்பட்டிருக்கும். அழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டரோ இரு கம்பிகளுக்கும் குறுக்கே இணைக்கப்படுவது. அதன் தடை மிகப் பெரிது. இவ்விரண்டையும் மாற்றி, அம்மீட்டரைக் குறுக்கே இணைத்துவிட்டால், தடையற்ற வழி கண்ட மின்சாரம் பெருக்கெடுத்துக் கருவியையும் கையையும் எரித்துவிடும். பழகாதவர் இதில் கைவைத்தல் ஆகாது.

டாங் டெஸ்டருக்குக் கம்பியை வெட்டும் வேலை இல்லை. கொடுக்கின் இரு கரங்களும் இரும்பினால் ஆனவை. காப்புறையிட்ட கம்பியை அக்கரங்கள் வளைத்துக்கொண்டதும், கம்பியின் மாறுமின்னோட்டம் எழுப்பும் மாறும் காந்தம் இரும்பில் சுழல்கிறது. அது கருவிக்குள் சுற்றப்பட்டுள்ள நுண்கம்பியில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இவ்வாறு தூண்டலாகும் என்பதை 1831ஆம் ஆண்டில் பாரடே கண்டறிந்தார். அச்சிறு ஓட்டத்தைக் கணித்து, பெரிய ஓட்டத்தின் அளவைக் கருவி எண்ணாகக் காட்டிவிடுகிறது.

கிணற்றடியில் கண்ட கணக்கு

உழவரின் மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார். அதன் பெயர்த்தகட்டில் ஏழரை ஆம்பியர் என்று பொறித்திருந்தது. மூன்று கம்பிகளிலும் ஏறக்குறைய அதே அளவு பாயவேண்டும். வயர்மேன் மோட்டாரை ஓடவிட்டு ஒவ்வொரு கம்பியாக அளந்தார். முதற் கம்பியில் 9.6 ஆம்பியர், இரண்டாவதில் 9.1, மூன்றாவதில் 5.2.

"பாருங்க அய்யா, மூணாவது ஆள் சுமை தூக்கலை. மத்த ரெண்டு பேரும் அவன் சுமையையும் சேர்த்துத் தூக்குறாங்க" என்று உழவருக்கு விளக்கினார்.

மின்னோட்டம் கம்பியில் எழுப்பும் வெப்பம் ஓட்டத்தின் அளவோடு நில்லாது, அதன் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது. இதனை 1841ஆம் ஆண்டில் ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி நிறுவினார். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஏழரைக்கு உரிய காயிலில் ஒன்பதரை பாய்ந்தால் ஓட்டம் கால் பங்கே மிகுதி; வெப்பமோ ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. காயிலின் காப்புறை குறிப்பிட்ட வெப்பத்திற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ பாதி ஆயுளை இழக்கும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஒரு முனை அறவே நின்றுவிட்டால் எஞ்சிய இரு கம்பிகளிலும் ஓட்டம் ஒன்றே முக்கால் மடங்கை எட்டும், வெப்பம் மும்மடங்காகும். கன்டென்சர் வைத்து இரண்டு முனையிலேயே மோட்டாரை ஓட்டும் வழக்கம் எத்துணைக் கேடு பயக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஓட்டம் ஏன் சமமாக இல்லை? வயர்மேன் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார்க் கொட்டகையில் உள்ள மெயின் சுவிட்சைத் திறந்தார். மூன்றாவது பியூஸ் கட்டையின் செம்பு நாக்கு கருகி, பிடிப்பு தளர்ந்திருந்தது. வாய்க்காலில் அடைத்த புதராக அது நின்று, ஒரு முனையின் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. அழுத்தத்தில் சில சதவீதம் ஏற்றத்தாழ்வு நேர்ந்தாலும், மோட்டாரின் மின்னோட்டத்தில் அதனைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு வரை ஏற்றத்தாழ்வு விளையும். போதாக்குறைக்கு, மூன்று கட்டைகளிலும் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி முறுக்கப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டரில் மிகைச் சுமையைக் கண்டால் நிறுத்தும் ரிலே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. "அடிக்கடி நின்றுபோகிறது" என்று எவரோ செய்துகொடுத்த வசதி அது. நின்றுபோனதன் காரணத்தைத் தேடாமல், நிறுத்துவதை நிறுத்திவிட்டார்கள். கணக்கில் பிழை காட்டும் எழுத்தரை வேலையிலிருந்து நீக்கியதற்கு ஒப்பாகும் இது.

புதுக் கட்டைகளும் உரிய பியூஸ் கம்பியும் இட்டு, ரிலேயைச் சீர்செய்து மீண்டும் அளந்தபோது கிடைத்த எண்கள் 7.4, 7.3, 7.2. செலவு சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை. மோட்டாரிடம் குற்றம் யாதொன்றும் இல்லை. மூன்று முறை காயில் கட்டியும் கம்பியில் பாய்வதை ஒரு முறையேனும் எவரும் அளந்து பார்க்கவில்லை.

நமது மாவட்டத்தில் பெருவாரியான சாகுபடி கிணற்றையும் ஏரியையும் நம்பியது. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984ஆம் ஆண்டிலும், விவசாயிகள் அனைவருக்கும் 1990ஐ ஒட்டிய காலத்திலும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. ஆகவே விவசாய இணைப்புகள் பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. கட்டணம் இல்லாமை உழவருக்குப் பெரும் துணை, மறுப்பார் இல்லை. ஆயினும் மீட்டர் இல்லாத கொட்டகையில் மோட்டாரின் உடல்நிலையை உரைக்கும் எண்ணும் இல்லாது போயிற்று. இலவச மின்சாரத்திலும் காயில் கட்டும் கூலி இலவசமன்று.

குழித்தறியில் ஒரு பாடம்

அந்நிகழ்ச்சிக்குப் பின் நாமும் ஒரு டாங் டெஸ்டர் வாங்கினோம். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு ஒரு பணியின் நிமித்தம் சென்றபோது அது பையில் இருந்தது. நெசவாளர் ஒருவர் இல்லத்தில் தார் சுற்றும் சிறு மோட்டாரைக் கண்டு, அதன் மின்னோட்டத்தை அளக்க விழைந்தோம். மோட்டாரின் ஒயரைக் கொடுக்கில் வளைத்தோம். மோட்டார் ஓடுகிறது, கருவியோ பூஜ்யம் காட்டுகிறது. கருவி பழுதென்று கருதி அதனைத் தட்டிப் பார்த்தோம்.

பாலிடெக்னிக்கில் பயிலும் அவ்வீட்டுப் பெண் அருகில் வந்து, "இரண்டு வயரையும் சேர்த்துப் பிடிச்சிருக்கீங்க, சார். ஒத்தை வயரை மட்டும் பிடிக்கணும்" என்றாள்.

வெட்கமே மேலிட்டது, ஆனால் அப்பூஜ்யம் பிழையன்று. ஒயரினுள் போகும் கம்பி ஒன்று, திரும்பும் கம்பி ஒன்று. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாயும் எதிராயும் இருப்பதால் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. வரவும் செலவும் ஒத்துவிட்டன என்று கருவி சான்று பகர்ந்திருக்கிறது!

இப்போது எண்ணிப் பார்ப்போம். போனது ஒன்று, திரும்பியது அதனினும் சிறிது குறைவு என்றால்? குறைந்த அளவு வேறெங்கோ சென்றிருக்கிறது. காப்புறை தேய்ந்து மோட்டாரின் இரும்புக் கூட்டில் மின்சாரம் இறங்கி, அதைத் தொட்ட மனிதரின் உடல் வழியே நிலத்துக்குச் செல்கிறது என்று கொள்வோம். நெசவாளர் பலர் குழித்தறியில் அமர்ந்து, ஈரம் கசியும் மண்ணில் கால் வைத்துப் பணிபுரிகின்றனர். நனைந்த உடலின் தடை ஓராயிரம் ஓம் அளவுக்குத் தாழக்கூடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு 60 வாட் பல்பு எரியத் தேவையான ஓட்டத்தினும் சற்றுக் குறைவு. ஆனால் 0.01 ஆம்பியரிலேயே தசை இறுகிப் பற்றிய கையை விடவியலாமல் போகலாம், 0.03 ஆம்பியரைக் கடந்தால் நெஞ்சத் துடிப்புக்கே அபாயம்.

பியூஸ் கம்பி காப்பாற்றாதோ எனின், காப்பாற்றாது. ஐந்து ஆம்பியர் பியூஸ் ஐந்துக்கு மேற்பட்டாலன்றி உருகுவதில்லை. கால் ஆம்பியரில் மனிதர் மடிவதை அது அறியாது. பியூஸ் காப்பது கம்பியை, மனிதரையன்று.

மனிதரைக் காக்கும் கருவி வேறு. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்றும் இ.எல்.சி.பி. என்றும் கேட்டால் கிடைக்கும். அதனுள்ளும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்தே செல்கின்றன. எம் கருவி காட்டிய அந்தப் பூஜ்யத்தையே அது இடைவிடாது தணிக்கை செய்துகொண்டிருக்கிறது. வரவுக்கும் செலவுக்கும் 0.03 ஆம்பியர் பேதம் கண்டால், ஒரு வினாடியின் சிறு கூற்றில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. சம்பளமோ விடுமுறையோ இன்றி வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க தணிக்கையாளர் இதனினும் வேறில்லை.

இத்தணிக்கையாளரையும் ஏமாற்றவியலும் என்பதை மறைத்தல் ஆகாது. ஒருவர் இரு கம்பிகளையும் இரு கைகளால் ஒருங்கே பற்றினால், உடல் வழியே போனது முறையாகத் திரும்பியும் விடுகிறது. கணக்கு ஒத்துவருவதால் கருவி வாளா இருக்கும். ஆதலின் இதனைப் பொருத்தியதும் எதையும் தொடலாம் என்று துணிதல் கூடாது. எர்த் இணைப்பையும் செம்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, அது துண்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்டுப்பன்றிக்கு அஞ்சி வயல் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோரும் உளர். அது சட்டவிரோதம், விலங்கு எது, இரவில் தண்ணீர் பார்க்க வந்த பக்கத்து நிலத்துக்காரர் யார் என்று மின்சாரத்திற்கு வேற்றுமை தெரியாது.

சிமிட்டும் மீட்டர்

வீட்டு மீட்டர் கணக்கிடுவது யூனிட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஆவது ஒரு யூனிட். கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரையிலும், விசைத்தறியாளர்க்கு 1,000 யூனிட் வரையிலும் கட்டணமில்லை என்று தமிழக அரசு 2023ஆம் ஆண்டில் அளவை உயர்த்தியது. அந்த வரம்பை அறிந்து நடக்க விரும்புவோர்க்கு மீட்டரே துணைசெய்யும்.

மின்னணு மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுக. 16 எனின், ஒரு மணிக்கு 960. அதை 3,200ஆல் வகுத்தால் 0.3 யூனிட். அதாவது வீட்டில் அப்போது 300 வாட் சுமை ஓடுகிறது. மின்னோட்டம் சுமார் 1.3 ஆம்பியர். எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்தி, சொருகியவற்றையும் கழற்றிய பின்னும் விளக்குச் சிமிட்டிக்கொண்டே இருந்தால், எங்கோ கசிவு உண்டு என்று ஐயுற்று வயர்மேனை அழைத்தல் நலம். இதற்குக் கருவி வேண்டா. கம்பியைத் தொடவும் வேண்டா. பள்ளிச் சிறுவரும் செய்யலாம்.

சங்கம் செய்யத்தக்கது

மின்சாரமும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று அயல் அல்ல. அமெரிக்க நாட்டில் 1935ஆம் ஆண்டுக்குப் பின் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு சென்றவை பெரிதும் உழவர்தம் கூட்டுறவுச் சங்கங்களே. நம் நாட்டிலும் 1970ஐ ஒட்டிச் சில இடங்களில் கிராமிய மின் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் கர்நாடகத்து ஹுக்கேரியும் தெலங்கானாவின் சிர்சில்லாவும் குறிப்பிடத்தக்கவை. சிர்சில்லா நெசவாளர் மிகுந்த ஊர். அங்கே தறிக்கும் கிணற்றுக்கும் மின்சாரம் பகிர்ந்தளிக்கும் அமைப்பு அங்கத்தினர்தம் கூட்டுறவுச் சங்கமாகவே அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

நாம் வேண்டுவது அத்துணைப் பெரிய முயற்சி அன்று. ஒவ்வொரு சங்கமும் பொதுவில் ஒரு டாங் டெஸ்டர் வாங்கி வைக்கலாம். ஒரு முறை காயில் கட்டும் கூலியினும் குறைந்த விலைக்கு நல்ல கருவி கிடைக்கும். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை ஏற்பாடு செய்து, ஆண்டுக்கு இருமுறை, சாகுபடி தொடங்குமுன், அங்கத்தினர் மோட்டார்களை அளந்து பார்க்கச் செய்யலாம். ஒரு நோட்டில் மூன்று முனைகளின் ஆம்பியரையும் தேதியையும் குறித்து வரலாம். பெயர்த்தகட்டு எண்ணுக்கு மேற்பட்டாலோ, மூன்றும் தம்முள் பெரிதும் வேறுபட்டாலோ, மோட்டாரை நிறுத்திக் காரணம் தேடவேண்டும். மோட்டார் செப்பனிடக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம் அந்த மூன்று எண்களையும் கேட்பது செயலாளரின் வழக்கமாகட்டும். தறிவீடுகளுக்குத் தேவைப்படும் ஆர்.சி.சி.பி.களைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். தரமும் சோதித்துப் பெறலாம்.

அண்மையில் மீண்டும் அந்தக் கடன் சங்கத்தின் ஆய்வுக்குச் சென்றோம். நகைக்கடன் ஏட்டில் அவ்வங்கத்தினர் பெயருக்கு எதிரே நான்காவது பதிவு இல்லை. நிலக்கடலை விற்ற பணத்தில் வளையல்களும் சங்கிலியும் மீட்கப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கு அம்மையார் கையொப்பம் இட்டிருந்தார். திரும்பும் வழியில் கிணற்றடியில் சற்று நின்றோம். மோட்டார்க் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் மூன்று எண்கள் எழுதப்பட்டிருந்தன: 7.4, 7.3, 7.2. அவற்றின் கீழே, பின்னொரு நாளைய தேதியிட்டு, வேறு மூன்று எண்கள். அவையும் ஏழரையைத் தாண்டவில்லை.